பட்டை கழற்றிய ஜீப்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கோயமுத்தூர் ஜில்லா எல்லைக்குச் சற்று இப்பால் உள்ள தோட்டத்து வீடுகளில் மருதாத்தாளை எல்லோருக்கும் தெரியும். அவள் முகத்தைவிட அவள் ஓட்டிய ஜீப்பின் சத்தம் இன்னும் அதிகம் பேருக்குத் தெரியும். எழுபதுகளில் அந்தப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை சைக்கிள் ஏறினாலே நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். மருதாத்தாளோ முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் காலடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலால் கிளட்சை மிதித்து ஜீப்பை ரோட்டில் ஏற்றுவாள். பார்த்தவர்கள் முதல் ஆறு மாதம் பேசினார்கள். பிறகு தங்கள் வீட்டு மூட்டையையும் சித்தூர் வரை ஏற்றிப் போகச் சொன்னார்கள்.

அந்த ஜீப்பை வாங்கியவர் அவள் கணவர் சென்னியப்பன். அறுபத்தேழாம் வருஷம் ராணுவத்தார் ஏலத்தில் விட்ட வண்டி. அவர் ஒருவர்தான் ஓட்டுவார். சாவியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார். மருதாத்தாளுக்கு எப்போதும் இடப்பக்கத்து இருக்கை. ஐந்து வருஷம் அங்கே உட்கார்ந்தபடி அவர் கால்களையும் கையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்த இடத்தில் கியர் மாற்றுவார், எந்த இடத்தில் காலை எடுப்பார் என்று அவளுக்கு மனப்பாடம். கற்றுக்கொள்ளவேண்டும் என்ற எண்ணத்தில் பார்க்கவில்லை. பார்க்க வேறு ஒன்றும் இல்லாததால் பார்த்தாள்.

எழுபத்திரண்டு தை மாதம், களத்து மேட்டில் நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஜீப்பில் ஏறக் கால் வைத்த சென்னியப்பன் அப்படியே சரிந்தார். பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் இருபத்தோரு நாள். உயிர் தங்கியது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று. எதைச் சொல்ல வாயெடுத்தாலும் "தா, தா" என்றுதான் வரும். பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

ஒரே மகள் உடுமலைப்பேட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். பஸ்ஸுக்கு ஒன்றரை மைல் நடக்கவேண்டும். கணவரைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? இரண்டு மாதம் ஓடாமல் நின்ற ஜீப்பைப் பார்க்கச் சித்தூரிலிருந்து பட்டறைக்காரர் பரீது வந்தபோது, மருதாத்தாள் அவரிடம் சாவியை நீட்டி, "வண்டி கெளம்புனா மட்டும் போதாதுங்கண்ணா, எனக்கு ஓட்டவும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

பரீது ஐம்பது வயதுக்காரர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, அதற்குப் பதில் நூல் கட்டியிருப்பார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி அவளைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அறுவடை முடிந்த தாளடி வயலில் பத்து நாள் சொல்லிக் கொடுத்தார். பத்தாம் நாள், "எனக்கு இதுல வேலையே இல்லீங்க அம்மிணி. உங்க காலுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு ஜீப் நிற்கவில்லை. காலையில் பால் கேன்களோடு சொசைட்டிக்கு, அங்கிருந்து தோட்டத்துக்கு, வாரத்தில் இரண்டு நாள் சித்தூர் வைத்தியசாலைக்கு. அங்கே சென்னியப்பனுக்கு உழிச்சல். காய்ச்சிய எண்ணெயை ஊற்றி ஒரு மணி நேரம் தேய்த்து, கையையும் காலையும் நீவிவிடுவார்கள். முடித்து வெளியே வரும்போது அவர் முகம் தெளிந்திருக்கும், வலது கை விரல்கள் கொஞ்சம் விரிந்திருக்கும். ஜீப் வீடு வந்து சேர்வதற்குள் அத்தனையும் போய்விடும்.

அந்த ஜீப்பின் வாகு அப்படி. ரோட்டில் ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பு சொல்லிவிடும். குழியில் இறங்கினால் சென்னியப்பனின் உடம்பு எகிறி விழும். பிடித்துக்கொள்ள ஒரு கைதான். செயலற்ற வலது கை நழுவி இருவருக்கும் நடுவே கியர் கம்பியில் போய் இடிக்கும். "தா, தா" என்று முனகுவார். மருதாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவாள். இப்படியே மூன்று வருஷம் போயிற்று. எழுபத்தைந்து ஆடியில் ஒரு நாள், ரோட்டை வெட்டிப் போட்டிருந்த இடத்தில் எகிறியபோது அவர் தலை மேல் கம்பியில் மோதி ரத்தம் வந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைத் திருப்பி நேரே பரீதின் பட்டறைக்கு ஓட்டினாள்.

பரீது வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"மிலிட்டரிக்காரன் பீரங்கி இழுக்கறதுக்குப் போட்ட ஸ்பிரிங் பட்டைங்க இது. பின்னாடி ஒரு பக்கத்துக்கு ஒம்பது அடுக்கியிருக்கான். மனுசன் ஒக்கார்றதுக்குன்னு போட்டதில்ல" என்றார்.

"அப்பக் கழட்டிப் போடுங்க."

"ஒன்னு ரெண்டு எடுக்கலாம். ஆனா ஷாக் அப்சார்பர் நாலும் செத்துக் கெடக்குதுங்க. எண்ணெ பூராவும் ஒழுகிப் போச்சு. கோயமுத்தூருக்குச் சொல்லி உட்டு, புதுசு வந்ததும் ரெண்டையும் ஒன்னாப் பண்ணிக்கலாம்."

"எத்தனை நாளாகும்?"

"ஒரு மாசம் ஆகும். ரெண்டும் ஆகும்."

மருதாத்தாள் ஜீப்பில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் கட்டிய துணியில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது.

"அந்த ஷாக்கு செத்துத்தான கெடக்குது. அது இல்லாமத்தான இத்தனை நாளும் ஓடுச்சு?"

"பட்டை கட்டையாட்டம் இருந்துச்சு, அதனால தெரியில. பட்டைங்கறது தாங்கறதுக்கு அம்மிணி. ஆடுற ஆட்டத்தை நிறுத்தறது ஷாக்குதான். பட்டையையும் எளக்கி, ஷாக்கும் இல்லீன்னா, தொட்டிலாட்டம் ஆடும். நேர் ரோட்டுல சொகமா இருக்கும். வளைவுல ஒரு பக்கமாச் சாஞ்சுட்டு எந்திரிக்க யோசிக்கும்."

"நான் மெதுவாத்தான் ஓட்டறேன். அவருக்குக் குலுங்காம இருக்கோணும். எனக்கு வேற ஒன்னும் வேண்டாமுங்கண்ணா."

பரீதுக்கு மனசில்லை. ஆனாலும் அந்த நெற்றியைப் பார்த்தபின் மறுத்துப் பேச அவரால் முடியவில்லை. பின்பக்கம் மூன்று மூன்று, முன்பக்கம் இரண்டிரண்டு என்று பட்டைகளை உருவினார். மிச்சத்துக்கு மசகு தடவிக் கட்டி இறக்கினார். சாயங்காலம் சாவியைக் கொடுக்கும்போது, "வளைவுல வெசை வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

வீடு வரும் வழியிலேயே மருதாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்டிப் போட்ட இடத்தில் வண்டி மெல்ல அமுங்கி எழுந்தது, தண்ணீரில் மிதக்கும் தெப்பம் மாதிரி. பக்கத்தில் பார்த்தாள். சென்னியப்பன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் அந்த ஜீப்பில் அவர் கண்மூடியது அதுதான் முதல் தடவை. இதை அப்போதே செய்யாமல் விட்டோமே என்று அவளுக்குத் தன்மேல் கோபம்கூட வந்தது.

அடுத்த சில வாரங்கள் நன்றாக இருந்தன. உழிச்சலின் பலன் வீடு வரை வந்து சேர்ந்தது. வளைவுகளில் வண்டி இப்படிச் சாய்ந்து அப்படிச் சாய்ந்து ஊஞ்சல் போல ஆடும். அப்போதெல்லாம் சென்னியப்பன் இடது கையால் முன் தகட்டைத் தட்டி "தா, தா, தா" என்பார். மருதாத்தாளுக்கு அதைப் பார்க்க ஆசையாக இருக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் பண்ணையத்து ஆள் பொங்கியண்ணனிடம், "பாருங்க, ஆட்டம் வந்தா அவருக்குக் குஷியாகிப் போகுது. கொழந்தையாட்டம் ஆயிட்டாரு" என்பாள். பொங்கியண்ணனும் சிரிப்பார்.

ஒன்று அவள் கவனிக்கவில்லை. அந்த ஜீப்பில் வேகம் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. இத்தனை நாளும் உடம்பு குலுங்குகிற குலுங்கலை வைத்துத்தான் வேகத்தை அளந்துகொண்டிருந்தாள். குலுங்கல் போனதோடு அந்த அளவும் போயிற்று. மெதுவாகத்தான் போகிறோம் என்று நினைத்தபடி தினம் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

புரட்டாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. முற்பகல் பதினோரு மணி இருக்கும். உழிச்சல் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நான்கு மூட்டை புண்ணாக்கு, அதன்மேல் பொங்கியண்ணன். ரோடு வாய்க்கால் கரையோடு போகும். வலது பக்கம் வாய்க்கால், அதன் ஓரமாகத் தென்னை வரிசை. இடது பக்கம் ஆளுயரப் பள்ளத்தில் வயல்கள். நடவு முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. ரோடு வலப்பக்கமாக வளைகிற இடத்தில், தென்னைகளுக்கு நடுவிலிருந்து ஒரு சைக்கிள் ரோட்டுக்கு ஏறியது. இரண்டு பக்கமும் கள்ளுக் கேன் தொங்கியது. ஓட்டி வந்தவர் கீழே பார்த்து மிதித்து வந்தார்.

மருதாத்தாள் இடப்பக்கமாக ஒடித்தாள். சைக்கிள் தப்பியது. கண்ணெதிரே கரை விளிம்பு வந்தது. வலப்பக்கமாக வெடுக்கென்று இழுத்து, பிரேக்கை ஏறி மிதித்தாள். அப்போதுதான் அந்தச் சாய்வு வந்தது. ஜீப் இடப்பக்கமாகச் சாய்ந்தது. வழக்கமான இடத்தில் நிற்கும் என்று அவள் உடம்பு எதிர்பார்த்தது. நிற்கவில்லை. இன்னும் சாய்ந்தது. மூட்டைகள் சரிந்தன. அவள் உட்கார்ந்திருந்த பக்கம் மேலே எழுந்தது. அவளுக்குக் கீழே, பள்ளத்துப் பக்கம், கணவரின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. வண்டி புரண்டால் முதலில் நசுங்குவது அவர்தான். கை ஸ்டீயரிங்கில் உறைந்துவிட்டது, கால் பிரேக்கில் உறைந்துவிட்டது.

"பிரேக்க உடு. எடப்பக்கம் ஒடி புள்ளே."

குரல் கணீரென்று வந்தது. யார் குரல், எங்கிருந்து வந்தது என்று யோசிக்க நேரமில்லை. கால் பிரேக்கை விட்டது. கை இடப்பக்கம் ஒடித்தது. புத்தி வேண்டாம் என்றது. அங்கே பள்ளம். ஆனாலும் ஒடித்தாள். எழுந்த சக்கரங்கள் தடால் என்று தரையில் விழுந்தன. ஜீப் கரையின் சரிவில் நேராக இறங்கி, நாற்றுகளை மிதித்துக்கொண்டு முப்பது அடி போய், அச்சு வரை சேற்றில் இறங்கி நின்றது.

எஞ்சின் அணைந்திருந்தது. சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் குமிழ் விட்டது. பொங்கியண்ணன் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தார், காயமில்லை. மேலே ரோட்டில் அந்தச் சைக்கிள்காரர் கேன்கள் உருண்டோட, வாயைத் திறந்தபடி நின்றார்.

மருதாத்தாள் மெல்லத் திரும்பினாள். சென்னியப்பன் முன் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் சேறு தெறித்திருந்தது. அவர் கண்கள் அகன்றிருந்தன. பயந்தவர் பார்வையாக அது இல்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று தனக்கே விளங்காதவர் மாதிரி விழித்தார்.

"ஏனுங்க," என்றாள் அவள். "ஏனுங்க, என்ன சொன்னீங்க?"

அவர் வாய் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. எதையோ தேடிப் பிடிக்கப் பார்த்தார்.

"தா," என்றார். "தா, தா."

"இப்பப் பேசுனீங்களே. புள்ளேன்னு கூப்பிட்டீங்களே."

"தா."

பின்னாலிருந்து பொங்கியண்ணன், "நானும் கேட்டனுங்க அம்மிணி. அவுரு பேசுனாரு. நல்லாக் கேட்டேன்" என்றார்.

நான்கு ஜோடி மாடு கட்டி ஜீப்பை மேலே இழுத்தார்கள். வயல்காரர் வந்து சத்தம் போட்டார், அப்புறம் சென்னியப்பனைப் பார்த்து அடங்கிவிட்டார். யார் என்ன சொன்னார்கள் என்று மருதாத்தாளுக்குப் பிறகு ஞாபகமே இல்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி இருந்தாள். செத்துப் பிழைத்தது அவள் மனதில் ஏறவே இல்லை. மூன்று வருஷம் எட்டு மாதமாகக் கேட்காத குரலைக் கேட்டுவிட்டாள். கேட்டதும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்தது. அப்படியானால் இவரால் பேச முடியுமா? முடிந்தும் பேசாமல் இருந்தாரா? என்ன கோபத்துக்காக?

இரண்டு நாள் அந்தச் சந்தேகத்தோடு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சோறு ஊட்டும்போது கை தயங்கியது. அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஒரு வாடகைக் காரைப் பிடித்து அவரைப் பாலக்காட்டுக்குக் கூட்டிப் போனாள். தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒளிச்சு வெச்சதல்ல," என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு இப்படி வரும். பெரிய பயம் வரும்போது, பழகின வார்த்தை தானா வெளியே வந்துடும். அவர் வேணும்னு நினைச்சுக் கூப்பிட்டா வராது. இப்ப நீங்க எவ்வளவு கேட்டாலும் அவரால முடியாது. முயற்சி பண்ணிப் பண்ணி ஆள் தளர்ந்துதான் போகும்."

மருதாத்தாளுக்குப் பாதி உயிர் வந்தது. "அப்பச் சரிங்க. அவருக்குத்தான் ஒன்னுமே வெளங்காதே, அந்த நேரத்துல மட்டும் எப்படின்னு திகைச்சுப் போயிட்டேன்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். "விளங்காதுன்னு யார் சொன்னது?"

யார் சொன்னது? மருதாத்தாள் யோசித்தாள். யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் முதல் நாள் அவர் பெயர் சொல்லிக் கத்தினார்கள், அவர் விழித்தபடி கிடந்தார். அன்றைக்கு அவளாக முடிவு செய்துகொண்டதுதான்.

டாக்டரம்மா நாற்காலியைச் சென்னியப்பன் பக்கம் நகர்த்தினார். அவசரமில்லாமல் கேட்டார். "கண்ணை மூடுங்க." மூடினார். "ஃபேன் எங்கே?" இடது கையை மேலே தூக்கினார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" ஒரு விரலைக் காட்டினார். "அது பையனா?" இல்லை என்று தலையசைத்தார். "ஜீப் சாஞ்சப்ப எந்தப் பக்கம் திருப்பச் சொன்னீங்க?" இடது கை இடப்பக்கம் ஒடித்துக் காட்டியது. கொஞ்சம் சலிப்போடுகூட ஒடித்தது.

"ஆளுக்கு எல்லாம் மனசிலாகுது" என்றார் டாக்டரம்மா. "தொடக்கத்துல கொஞ்ச நாள் குழப்பம் இருந்திருக்கும். இப்ப எல்லாமே மனசிலாகுது."

மருதாத்தாளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன சித்திரையில் அவள் அக்கா காளியாத்தாள் வந்திருந்தாள். சென்னியப்பன் சாய்வு நாற்காலியில் இருந்தார். அவருக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, வெற்றிலையைக் கிள்ளியபடி மருதாத்தாள் அக்காவிடம் சொன்னாள். "அன்னைக்கே ஒரேயடியாப் போயிருந்தாக்கூட ஒரு மாசம் அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன் அக்கா. இது இருந்தும் இல்லாத மாதிரி." அப்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஈயைப் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அது ஒன்று மட்டுமா? மூன்று வருஷமாக அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி வந்தவரிடமெல்லாம் பேசியிருக்கிறாள். எந்த நெல் விதைப்பது, எந்த மாட்டை விற்பது என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்டதில்லை. வளைவில் அவர் தகட்டைத் தட்டியதெல்லாம் இப்போது புரிந்தது. குஷி என்றாளே, அது குஷியில்லை. மெதுவாப் போ, வண்டி சாயுது என்று ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வளைவிலும் அவர் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அவள் சிரித்திருக்கிறாள்.

சேற்றிலிருந்து எடுத்த ஜீப்பைப் பரீது கழுவி ஓட வைத்திருந்தார். வாடகைக் கார் அவர்களைப் பட்டறையில் இறக்கிவிட்டது. மருதாத்தாள் ஒரு வார்த்தை பேசாமல் கணவரை ஏற்றி, மாட்டு வண்டி வேகத்தில் ஊரை நோக்கி ஓட்டினாள். நல்லேப்பிள்ளி தாண்டியதும் அவளால் முடியவில்லை. ரோட்டிலேயே நிறுத்தினாள்.

"அக்காகிட்ட நான் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா?"

சென்னியப்பன் முன்னால் பார்த்தபடி இருந்தார். பிறகு தலையை ஆட்டினார். கேட்டது.

"நான் அப்படி நெனச்சுச் சொல்லல. இல்ல, நெனச்சுத்தான் சொன்னேன். அன்னைக்கு நொம்ப சலிப்பா இருந்துச்சு. உங்களுக்குக் கேக்காதுன்னு..." அதற்கு மேல் வரவில்லை. வார்த்தை வராமல் திணறுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்கு அவளுக்கும் தெரிந்தது.

பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. சென்னியப்பன் இடது கையை அவள் பக்கம் கொண்டுவந்து, அவள் முழங்கையை இரண்டு தரம் தட்டி, ரோட்டைக் காட்டினார். போ, வழி விடு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

அடுத்த மாதம் கோயமுத்தூரிலிருந்து ஷாக் நான்கும் வந்து சேர்ந்தன. பரீது வேலையைத் தொடங்குமுன் மருதாத்தாள் சொன்னாள். "இந்தத் தடவை என்னைக் கேக்காதீங்கண்ணா. அவரைக் கேளுங்க."

சென்னியப்பனுக்கு எல்லாம் விளங்கும் என்பது பரீதுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சொன்னாள், அக்காவிடம் பேசியதைத் தவிர. சென்னியப்பன் நோயில் விழுந்த பிறகு எத்தனையோ தரம் அவர் முன்னாலேயே, 'பாவம், நல்ல மனுசனா இருந்தாரு' என்று பரீதும் சொல்லியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஜீப்பருகே போய் நின்று, "கவுண்டரே, நம்மளை மன்னிச்சுக்கோணும்" என்றார். சென்னியப்பன் கையை அசைத்தார், வேலையைப் பார் என்பது போல.

முதலில் உருவிய பட்டைகளை எல்லாம் திரும்பப் போட்டு, புது ஷாக்கையும் மாட்டி, அதே வாய்க்கால் வளைவுக்கு ஓட்டிப் போனார்கள். வளைவில் வண்டி ஆணியடித்த மாதிரி போயிற்று. ஆனால் வழியில் இருந்த பாலத்து மேட்டில் சென்னியப்பனின் வலது கை எகிறி விழுந்தது. அவர் தலையை அசைத்தார். வேண்டாம். பின்பக்கம் இரண்டிரண்டு பட்டை எடுத்துவிட்டு வந்தார்கள். மேட்டில் சுகம். வளைவில் கொஞ்சம் சாய்ந்தது, உடனே நிமிர்ந்தது. அவர் யோசித்தார். ஒரு விரலைக் காட்டினார்.

"ஒன்னைத் திரும்பப் போடச் சொல்றாரு" என்றாள் மருதாத்தாள்.

சென்னியப்பன் இல்லை என்று தலையசைத்தார். பின்னால் காட்டினார், மறுபடி விரலைக் காட்டினார், மூட்டை தூக்குகிறவர் மாதிரி தோளை அசைத்தார். பரீதுதான் முதலில் பிடித்தார்.

"அம்மிணி, இப்ப வண்டி காலி. மூட்டை ஏத்துனா ஆட்டம் எச்சாகும். பாரம் வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாக்கோணும்ங்கறாரு."

அது சரிதான். நான்கு மூட்டை வைத்து ஓட்டினால் பின்பக்கம் தொய்ந்தது. கடைசியில் பின்பக்கம் ஒரு பட்டை, முன்பக்கம் ஒரு பட்டை மட்டும் குறைவு என்று நின்றது. தேய்ந்துபோன ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தார்கள். மிச்சம் இருந்த குலுங்கலுக்கு, பரீது தன் வீட்டிலிருந்து தேங்காய் நார் மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து இடப்பக்கத்து இருக்கையில் கட்டினார். தெப்பம் மாதிரி மிதக்கவில்லை. சென்னியப்பன் முழுத் தூக்கம் தூங்குகிற அளவுக்கும் இல்லை. தனக்கு இது போதும் என்று அவர் கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அதன்பின் அந்த வீட்டில் பேச்சு முறை மாறியது. மருதாத்தாள் எதையும் ஆம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி கேட்கக் கற்றுக்கொண்டாள். கேட்க மறந்தால் அவர் இடது கையால் எதையாவது தட்டுவார். ஆடியில் எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதை அவர்தான் காட்டினார். அவர் காட்டியதில் இரண்டு தரம் தப்பாகவும் போயிற்று. அதற்காக அவரோடு சண்டையும் போட்டாள். அக்கா வந்தால் பேச்சு நாற்காலிக்குப் பக்கத்தில்தான். ஆனால் அவரையும் சேர்த்து வைத்துப் பேசினாள்.

அடுத்த மூன்று வருஷத்தில் சில சமயம் வார்த்தை வந்தது. பால் பொங்கி வழிந்தபோது "அடுப்பு" என்றார். பேரன் பிறந்த சேதி வந்தபோது மகளின் பெயரைச் சொன்னார். ஒவ்வொரு தரமும் மருதாத்தாள் திடுக்கிட்டு நின்றாள். திரும்பச் சொல்லச் சொல்லி அவரை வருத்தவில்லை.

எழுபத்தெட்டில் ஒரு மத்தியானம், விதை வியாபாரி ஒருவர் புதுரக நெல்லோடு வந்தார். அரை மணி நேரம் மருதாத்தாளிடமே பேசினார். நாற்காலியில் இருந்தவரை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. மருதாத்தாள் கையில் நெல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்சம் ஆசைதான் அவளுக்கு.

"வேண்டாம்" என்றார் சென்னியப்பன்.

வியாபாரி கையில் இருந்த பையைக் கீழே போட்டுவிட்டார். நெல் வாசல் முழுக்கச் சிதறியது. மருதாத்தாள் குனிந்து அள்ளி அவர் பையில் போட்டபடி, "கேட்டுச்சுங்கல்ல? அவருக்கு வேண்டாமாம்" என்றாள்.